நிறுத்தச் சொன்ன வெள்ளை மாத்திரை

அம்மா,

இன்று காலை சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் உன் பால்மா டின்னைத் திறந்தேன். குப்பென்று மருந்து வாசம். அடியில் இன்னும் ஒன்பது வெள்ளை மாத்திரைகள். நீ போய் இரண்டு வருடமாகியும் வீச மனம் வரவில்லை. என் மாமியாரை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டின்னையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நீ யாரையும் லேசில் நம்ப மாட்டாய். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்ன பேசினாலும் உன் கண் தராசு முள்ளில்தான் இருக்கும். கொழுந்து குறைவென்று உனக்கு அரைப் பேர் போட்ட நாளில், அரைநாள் சம்பளம் போனதைவிட, காரணம் சொல்லாததுதான் உன்னைச் சுட்டது. "வெட்டுறவன் ஏன்னு சொல்ல மாட்டான்" என்பாய்.

கிட்னி கோளாறுக்கு வைத்திருந்த உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாளில் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் விறுவிறுவென்று சொன்னார். பழைய சீனி வியாதி மாத்திரை வேண்டாம் என்பது மட்டும்தான் விளங்கியது. மற்றதற்கெல்லாம் "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று சரி சரியெனத் தலையாட்டினேன். ஊருக்குப் போகும் டயகம பஸ் போய்விடுமே என்ற அவசரம். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம் வேறு.

வீட்டில் நீ புது மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"ரெண்டு குடிச்ச எடத்துல ஒண்ணா? பழசு ஏன் வேணாமாம்?"

"தெரியல. வேணாம்னாங்க."

"கெழவிக்கு அரைப் பேரு போட்டுட்டாங்கடி."

நான் சிரித்தேன்.

பத்தாம் நாள் உனக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. மருந்து மாறிவிட்டதோ என்று ஆஸ்பத்திரியைச் சந்தேகித்தேன். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா கொடுத்த கசாயத்தைச் சந்தேகித்தேன். புதியதை நீ குடிப்பதில்லையோ என்று மிச்ச மாத்திரைகளை எண்ணியும் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது. மறுநாள் விழுந்தாய். சீனி அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். பழையதையும் குடித்தாரா என்று டாக்டர் கேட்டபோது, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். உன் கருமாதிக்கு வீடு கழுவும்போதுதான், நீ ஒளித்துவைத்துக் குடித்த பழைய மாத்திரைகளோடு இந்த டின் கிடைத்தது. அத்தனை பேரைச் சந்தேகித்த நான், தலையாட்டிய என்னைச் சந்தேகிக்கவில்லை.

இன்று மாமியாரின் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். "மிஸ், எனக்கு வெளங்கல. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளக் கூப்புடுங்க" என்றேன். வந்த தமிழ் நர்ஸ், "ஏன், எங்க மேல சந்தேகமா?" என்றார்.

"ஆமா மிஸ்."

முகம் சுளித்தாலும் பொறுமையாக விளக்கினார். மாமியாரும் கேட்டு, "அப்ப சரி" என்றார். அதற்குள் பஸ் போய்விட்டது. போகட்டும் என்று டின்னையும் நீட்டி, உன் கதையைச் சொன்னேன்.

வெள்ளை மாத்திரையைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "கிட்னி பலவீனமானவங்களுக்கு இது ஒடம்புல தங்கி, சீனிய ரொம்ப எறக்கிரும். அதான் நிறுத்தியிருப்பாங்க. ஒங்க அம்மாவுக்குப் புதுசு ஒண்ணே போதுமா இருந்திருக்கும்."

உன் கேள்விக்குப் பதில் இரண்டு வருடம் பிந்தி வந்திருக்கிறது, அம்மா. உனக்கு யாரும் அரைப் பேர் போடவில்லை. முழுப் பேர்தான் போட்டிருந்தார்கள். நான்தான் ஏனென்று கேட்டு வந்து சொல்லவில்லை.