மொட்டைமாடிக்கு மேலே உள்ள காற்று

மார்ச் 4, 2019, திங்கள்

மழை. அதனால்தான் அந்த வீட்டை இன்று மறுபடி பார்க்கப் போனேன். வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும் என்பாள் ஆர்கிரோ. பள்ளித் தோழி, கட்டடப் பொறியாளர், வாய் கொஞ்சம் நீளம்.

விற்கிறவர் ஸ்டெர்ஜியோஸ் எல்லா விளக்கையும் போட்டு வைத்திருந்தார். படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். ஏன் ஒன்றுக்கு மட்டும்? மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். பெயின்டுக்கு அடியில் ஈர வாடை. "பேரப்பசங்க கிறுக்கிட்டாங்கம்மா" என்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகளே இல்லை என்று தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார். வீட்டைப் பற்றி விற்கிறவரிடம் கேட்பதைவிடப் பெட்டிக்கடையில் கேட்பது மேல். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஆனாலும் பிடித்திருக்கிறது. தரைத்தளம் மட்டும், மூன்று அறை, 1971இல் கட்டியது. தூண்களின் இரும்புக் கம்பிகள் மொட்டைமாடிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, இன்னொரு தளத்துக்குத் தயாராக. கீழே வாடகைக்கு விடலாம். மேலே கட்டி நான் இருக்கலாம். வோலோஸ் துறைமுகத்தில் கப்பல் சீட்டு கொடுத்தே நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது. கடலைச் சும்மா உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஒரு ஜன்னல் வேண்டாமா?

இப்போதுள்ள வீட்டைச் செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். சுற்றுலாக்காரர்களுக்கு விடப்போகிறார்களாம்.

மார்ச் 11, திங்கள்

பெரிய நோன்பின் முதல் நாள், வழக்கம்போல் ஊரெல்லாம் பட்டம் விடுகிறார்கள். ஆர்கிரோவும் நானும் நோன்புக்கு விலக்கில்லாத ஆக்டோபஸும் எள்ளு ரொட்டியும் தின்றுவிட்டு அந்த வீட்டுக்குப் போனோம். அவள் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டாள். தண்ணீர் நூலாக வந்தது. மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்து, "இது எங்க தாத்தாவோட வயசுடி" என்றாள். வெளிப்படிக்கட்டு ஏறி மாடிக்குப் போனால், கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள்.

"பக்கத்துத் தெரு அம்மா. அங்க வெயில் வராது, பாவம்" என்றார் ஸ்டெர்ஜியோஸ். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து கடல் தெரிந்தது. முழுசாக இல்லை, இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு துண்டு. எனக்கு அது போதும்.

மார்ச் 19, செவ்வாய்

முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆர்கிரோ போனில் கத்தினாள்: "வக்கீல் பத்திரத்தப் பாக்கறதுக்கு முன்னாடியேவா? உனக்கு மூளை எங்கடி போச்சு?" இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று ஸ்டெர்ஜியோஸ் சொன்னார். அந்த இன்னொருவர் உண்மையிலேயே இருந்தாரா? இப்போதுதான் யோசிக்கிறேன்.

மார்ச் 27, புதன்

வக்கீல் கூப்பிட்டார். வீடு ஸ்டெர்ஜியோஸ் பெயரில்தான் இருக்கிறது. காற்று இல்லை.

காற்று! எனக்குத் தெரியாததா? வீட்டை ஒருவருக்கும் அதற்கு மேலே கட்டும் உரிமையை இன்னொருவருக்கும் எழுதிவைப்பது இங்கே எல்லாரும் செய்வதுதான். காற்று என்றுதான் சொல்வோம். என் அத்தையே காற்றைத்தான் சீதனமாகக் கொண்டு போனாள். அப்படியிருந்தும் கம்பியைப் பார்த்ததும் பல்லை இளித்துக்கொண்டு காசை நீட்டினேனே! இந்த ஊரில் பிறந்தவள்தானே நான்?

வீட்டைக் கட்டிய கொத்தனார் கீழே உள்ளதை ஸ்டெர்ஜியோஸின் அப்பாவுக்கு விற்றிருக்கிறார். காற்றை மட்டும் மகளுக்குச் சீதனமாக எழுதியிருக்கிறார். மகள் பெயர் பொலிக்சேனி. போர்வை காயப்போடும் அம்மா.

ஸ்டெர்ஜியோஸைக் கேட்டேன். "அட, அது பழைய கதைம்மா. கல்யாணமும் நின்னுபோச்சு, கட்டவும் இல்ல. எழுபத்தொரு வயசுல இனிமேவா கட்டப்போறா?"

மறைத்ததற்காக முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்கலாமாம். ஆனால் வீடு? செப்டம்பருக்குள் வேறு எங்கே தேடுவேன்? அழுகை வருது. சை.

ஏப்ரல் 2, செவ்வாய்

பொலிக்சேனி வீட்டுக்குப் போனேன். காபி, சீமை மாதுளை மிட்டாய், நல்ல உபசாரம்.

"காத்த வாங்க வந்தியா?"

"எப்படித் தெரியும்?"

"மாடியில நின்னு கடலப் பாத்தியே, நானும் உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். விக்கிறதில்லம்மா. மிட்டாய் எடுத்துக்க."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால் பூனையைப் பற்றிப் பேசுகிறார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

விலையை ஏற்றிக் கேட்டேன். சிரித்தார். இதைவிட மூன்று மடங்கு கேட்டவர்களெல்லாம் வந்து போனார்களாம். பெட்டிக்கடையில் விசாரித்தேன். "அது கிறுக்கும்மா. தானும் கட்டாது, அடுத்தவனையும் கட்டவிடாது." அப்படித் தெரியவில்லையே. மருந்து மாத்திரையைக்கூட எண்ணித்தான் வாங்குகிறார், கூரையில் ஓட்டை விழுந்த தகரத்துக்கு அடியில் வாளி வைத்திருக்கிறார். பணம் தேவைப்படாதவர் இல்லை. பிறகு ஏன்? எனக்கு இப்போது வீட்டைவிட இந்தக் கேள்விதான் பெரிதாக இருக்கிறது.

ஏப்ரல் 13, சனி

ஆர்கிரோ: "மேல யாரு கட்டறதுன்னு சண்ட போடறதுக்கு முன்னாடி, கீழ இருக்கிறது தாங்குமான்னு பாக்க வேண்டாமா?" ஸ்டெர்ஜியோஸ் சம்மதித்தார், அவருக்கு வேறு வழியில்லை. ஒரு தூணில் இயந்திரத்தால் துளைபோட்டு, உருளையாக ஒரு துண்டை வெளியே எடுத்தாள். சாம்பல் நிறம், கல், மணல். கழுவிப் பார்த்தால் நடுவில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப்பி. இன்னொரு சிப்பி. இன்னொன்று.

"கடக்கரை மணல்" என்றாள். உடனே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனாள்.

ஏப்ரல் 18, வியாழன்

உப்பு உள்ளேயிருந்தே கம்பியைத் தின்றிருக்கிறது. இரண்டு தூணில் பாதிக் கனம்கூட இல்லை. கீழ்த்தளத்தைக் காப்பாற்றலாம், தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டால் நிற்கும். மேலே எதுவும் ஏற்றக்கூடாது. "கட்டினா அடுத்த பூகம்பத்துக்கு எல்லாம் கீழ வந்துரும்" என்று எழுதியே கொடுத்துவிட்டாள்.

என் ஜன்னல் போய்விட்டது. ஆனால் அழவில்லை. பொலிக்சேனியை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷமாக ஒன்றுமில்லாத சொத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். யார் சொல்வது?

ஏப்ரல் 20, சனி

நான்தான் சொன்னேன். சுற்றிவளைத்து, அறிக்கையைக் காட்டி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

கையை உருவிக்கொண்டார். "தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மணல வாளியில தூக்கிட்டு வந்ததே நான்தானே. ஆத்து மணலுக்கு அப்பாகிட்ட காசு இல்ல. ராத்திரியோட ராத்திரியா கடக்கரையில அள்ளுனோம். மாப்ள ஒரு இஞ்சினியரக் கூட்டிட்டு வந்து பாத்தான். அப்புறம் அவனும் வரல, கல்யாணமும் நடக்கல."

"அப்ப ஏன் வச்சிருக்கீங்க? சும்மா விட்டிருக்கலாமே?"

"விட்டா? வாங்குனவன் கட்டுவான்ல. கீழ ஒரு குடும்பம், மேல ஒரு குடும்பம். எனக்குத் தூக்கம் வருமா?" அறிக்கையை மடித்து என்னிடம் தந்துவிட்டு, "உண்மையச் சொல்லியிருக்கலாம்தான். நல்ல கொத்தனாருன்னு அப்பாவுக்கு ஊர்ல ஒரு பேரு இருந்துச்சு. வேற எந்த வீட்லயும் அவரு அப்படிப் பண்ணல. எங்களுக்குன்னு கட்டுன வீடுங்கறதால பண்ணாரு."

கீழே குடியிருந்தவர்களிடம்கூடச் சொல்லாமல் விட்டாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொன்னேன். "வருஷா வருஷம் போயி விரிசல் இருக்கான்னு பாப்பேன். போர்வை காயப்போடறேன்னு" என்றார். அதன்பிறகு எனக்குக் கோபப்படத் தெரியவில்லை.

மே 16, வியாழன்

வாங்கிவிட்டேன். அறிக்கையைப் பார்த்ததும் ஸ்டெர்ஜியோஸ் விலையைக் குறைத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். வாடகைத் திட்டம் போயிற்று, கீழே நானே இருந்துகொள்கிறேன். அதே நாளில் பொலிக்சேனியும் வந்து காற்றை என் பெயருக்கு எழுதினார். பத்திரச் செலவைத் தவிர ஒரு யூரோ வாங்கவில்லை. "நீ கட்டமாட்ட. ஏன்னு உனக்குத் தெரியும்" என்றார். அவர் அப்பாவின் பேருக்காக, மணலைப் பற்றி ஆர்கிரோவும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 6, சனி

தரை ஓடு பிடித்திருந்ததே என்று முதலிலேயே வாங்கிவிட்டேன், முட்டாள். வேலை நடக்கிற வரிசையே வேறு: முதலில் தூண், பிறகு குழாய், மின்கம்பி, பிறகு சுவர், தரை கடைசியில். ஓட்டுப் பெட்டிகளை இதுவரை நான்கு தடவை இடம் மாற்றியாகிவிட்டது. அந்த ஈரச் சுவரை உடைத்தோம். உள்ளே குழாய் பல வருஷமாகக் கசிந்திருக்கிறது. சுவரைச் சுரண்டச் சுரண்ட வெள்ளை, பச்சை, நீலம், அதற்கும் அடியில் ரோஜா நிறம். ரோஜா யாருக்குப் பிடித்திருக்கும்?

செப்டம்பர் 28, சனி

குடிவந்தேன். சமையலறைக்கு இன்னும் கதவு இல்லை.

நவம்பர் 23, சனி

மதியம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் கதவைத் தட்டினார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. மேலே இரண்டு தளம் தன் செலவிலேயே கட்டி, ஒன்றை எனக்கே தருவாராம்.

"விக்கிறதும் இல்ல, கட்டறதும் இல்லங்க."

"ஏம்மா? மேலேயிருந்து கடல் தெரியுமே!"

"எனக்கு இஷ்டமில்லங்க."

"காரணம் ஒண்ணு வேணும்ல?"

"வேணாம்."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நேராகப் பெட்டிக்கடைக்குத்தான் போயிருப்பார். உள்ளே வந்தேன். பொலிக்சேனி அம்மா மேசையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்றால் இங்கேதான் சாப்பாடு. எல்லாம் காதில் விழுந்திருக்கும். தலை நிமிரவில்லை.

"நாப்பத்தெட்டு வருஷமா இந்தப் பதில நான் ஒருத்தியேதான் சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எதிரே உட்கார்ந்து பாதிப் பீன்ஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.