காயமில்லாத கெண்டை

அக்கா, இன்றைக்கு வகுப்பறை முழுக்க மீன் கவிச்சி. நீங்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு உங்கள் மீன் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். பிள்ளைகளை ஆளுக்கொரு மீன் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஜன்னலைத் திறந்துவைத்தும் வாடை போகவில்லை. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

பள்ளிபாளையம் ஆற்றுப் பாலத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, "எப்படிச் செத்தேன்னு மீனே சொல்லும், பாருங்க சாமி" என்பீர்கள். வாயில் கிழிசல் என்றால் தூண்டில். செதிலில் கோடு என்றால் வலை. விரல்நீளக் குஞ்சு கிடந்தால் போச்சு. "இது அடுத்த வருசத்து மீனு. இப்பவே தின்னுபோட்டா அப்பறம் ஆத்துல என்னத்தத் தேடுவீங்க?" என்று கடிந்துகொள்வீர்கள். எந்தப் பிள்ளையாவது தண்ணீரில் விழுந்துவிடுமோ என்று நான் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பேன். "ஏம்புள்ள, சரியான பயந்தாங்கொள்ளி நீ" என்று சிரிப்பீர்கள். ஆமாம், அப்படித்தான்.

இன்று ஐந்தாம் வகுப்புப் பெண்ணொருத்தி கொண்டுவந்த கெண்டையில் கிழிசலும் இல்லை, கோடும் இல்லை. பையில் அதோடு கை நிறையக் குஞ்சுகள். கரன்ட் விட்டுப் பிடித்த மீன். கரன்ட் விட்டால் குஞ்சு, முட்டை எதுவும் தப்பாது. தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு ஒரே பெருமை.

"விடியக்காலம் அப்பா பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் வண்டில கட்டிக்கிட்டு என்னைய ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாருங்க டீச்சர். மீனு மெதந்ததும் நான் சுவிட்ச ஆஃப் பண்ணுவேன். அப்பறந்தான் அப்பா தண்ணில எறங்குவாரு."

அக்கா, குஞ்சும் ஆறும் பாடமும் மறந்தே போச்சு. பத்து வயசுப் பிள்ளை. தூக்கக் கலக்கத்தில் விரல் ஒருமுறை தவறினால்?

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். நீங்களாக இருந்தால் வாசலிலேயே சத்தம் போட்டிருப்பீர்கள். நானோ, "ஏனுங்க, தண்ணிக்குள்ள நீங்க நிக்கறப்ப சுவிட்சு..." என்று இழுத்தேன்.

அவள் அப்பா சிரித்தார். "பாப்பா கையிலதானுங்க. வேற ஆரை நம்பிக் குடுக்கறது?"

"கை தவறிப்போச்சுன்னா காலம் பூரா அவதானுங்க அதைச் சொமக்கணும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. பிள்ளை கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். "யோசிக்கறேனுங்க" என்றார். அவ்வளவுதான்.

நாளைக் காலை அவள் பேரைக் கூப்பிட்டு, "உள்ளேன் டீச்சர்" என்று அவள் சொல்கிறவரை எனக்கு உயிர் இல்லை. அந்தப் பாலத்தடியில் உங்களுக்கும் இப்படித்தான் பயமாக இருந்ததா அக்கா? ஒருநாளும் நான் கேட்கவில்லையே.