கணுக்கால் வரை கடல்

ஜூலை 9

கல்கத்தா மழையில் பாக்பஜார் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஆனாலும் தேநீர்க் கடையில் எல்லாரும் ஆஜர். அனிர்பான் பாக்சி போன குளிர்காலத்தில் பாலித் தீவுக்குப் போனவர். ஏழு மாதமாக இன்னும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறார். இன்றைக்கும் மண் கோப்பையை விரல்களுக்குள் உருட்டியபடி என்னைப் பார்த்து, “அந்த நீலம் இருக்கே தேபு, அதைச் சொல்ல வங்காளத்துல வார்த்தையே கிடையாதுப்பா” என்றார். வார்த்தை கிடையாது என்பதை அரை மணி நேரம் சொன்னார்.

“நாங்களும் இந்தக் குளிருக்குப் போறோம்” என்று என் வாய் சொல்லிவிட்டது. “அந்தமான். ஒரு தீவு இல்ல, அஞ்சு.”

ஏன் ஐந்து? தெரியவில்லை. மூன்று என்றிருந்தால் பாக்சி சிரித்திருப்பார்.

ஜூலை 10

மனைவியிடம் சொன்னேன். கேதகி இலிஷ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கடலா? நீந்தலாமா அங்க?”

“பார்க்கலாம்” என்றேன். பார்ப்பதற்குத்தானே போகிறோம்.

ஜூலை 20

கட்டம் போட்ட தாளில் அட்டவணை தயார். நான்கு தாள்களை ஒட்டியதில் சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. இரண்டு நாளாகப் படுக்கையில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.

துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். எத்தனை கப்பலுக்கு வருகை, புறப்பாடு எழுதியிருப்பேன்! (எதிலும் ஏறியதில்லை. அது வேறு துறை.) போர்ட் பிளேர், நீல், ஹேவ்லாக், லாங் தீவு, டிக்லிபூர். ஓர் இடத்தில் கூட நேரம் வீணாகாது. கேதகி குனிந்து பார்த்தாள். ‘கடலில் கால் நனைத்தல்: இருபது நிமிடம்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

“கால் நனைஞ்ச பிறகு?”

“பிறகு என்ன, படகு கிளம்பிடும்.”

“ஏங்க, ஒரே தீவுல ஒரு வாரம் இருந்தா என்னவாம்?”

“அதுக்குப் பேர் சுற்றுலாவா? குடித்தனம்!”

அவள் பதில் சொல்லவில்லை. நான் சொன்னது சரியாக இருக்கும்போது அவள் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 3

மைத்துனன் டுட்டுலும் வருகிறானாம். “ஜாமாய்பாபு, அக்காவுக்கு ஒரு துணை வேண்டாமா?” (அக்காள் கணவன் என்பதால் அந்த ‘ஜாமாய்பாபு’ மரியாதை.) நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. துணை என்றால் சாப்பாட்டு நேரத்துக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு ஒரே கவலை. “கடல் மீனை நம்ப முடியாது ஜாமாய்பாபு. அந்தத் தீவுல குளத்து மீன் கிடைக்குமா?”

சுற்றிலும் கடல் இருக்கும் இடத்துக்குக் குளத்து மீனைத் தேடிப் போகிறவன். இவனுக்காக அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 24

ஒத்திகை. கடல் பயணம் ஒத்துக்கொள்கிறதா என்று முன்பே சோதிப்பதுதான் அறிவு. மூவரும் பாக்பஜார் படித்துறையிலிருந்து ஹௌராவுக்கு ஃபெரியில் போவதாக ஏற்பாடு. ஹோமியோபதி உருண்டைகளை மூவருக்கும் நானே நாக்கில் வைத்தேன்.

நடந்ததை எழுதியாக வேண்டும். படகு இன்னும் வந்திருக்கவில்லை. மிதக்கும் மேடையில் நின்றுகொண்டிருந்தோம். ஏதோ மணல் படகு போனது, மேடை லேசாக அசைந்தது... காலையில் சாப்பிட்ட கசூரி முழுவதும் கங்கைக்குப் போனது.

டுட்டுல் முதுகைத் தடவிவிட்டான். “ஜாமாய்பாபு, படகு வரட்டும், அப்புறம் வாந்தி எடுங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

கேதகி சிரித்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கசூரியில் எண்ணெய் சரியில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 2

கேதகி மத்தியானம் வெளியே போய்விட்டு எப்போதும் ஈரத்தலையோடு வருகிறாள். சளி பிடிக்கும் என்று எச்சரித்தேன்.

செப்டம்பர் 6

பாக்சி கேட்டார்: “டிக்லிபூருக்கு எப்படிப் போறே, ரோடா, கப்பலா?” “அட்டவணையில இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

செப்டம்பர் 16

தொப்பி வாங்க ஹாதிபாகான் போனேன். திரும்பும்போது ஹெதுவா நீச்சல் குளத்தின் ஓரமாக நடந்தேன். பெண்களுக்கான நேரம் போலும். கம்பிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

“கேதகி தீதி! தலையைத் தண்ணிக்குள்ள வைங்க! காலை உதைங்க, உதைங்க!”

உலகத்தில் எத்தனையோ கேதகிகள் இருக்கலாம். ஆனால் உதைத்த காலின் குதிகாலில் இருந்த தழும்பு எனக்குத் தெரியும்.

குளத்தின் குறுக்கே போனாள். நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி திரும்பினாள். நான் புதுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் கழற்றினேன்?

வீட்டில் கேட்டேன். “எப்போதிருந்து?”

“ஜூலையிலேருந்து.”

“சொல்லவே இல்லையே!”

“ரெண்டு மாசமா தலையில தண்ணி சொட்டச் சொட்ட உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன். நீங்க ஹேவ்லாக்ல எத்தனை நிமிஷம்னு பாத்துக்கிட்டிருந்தீங்க.”

“இந்த வயசுல, நாலு பேர் பார்க்கிற இடத்துல—”

அப்போதுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை, பருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். “புரியில கணுக்கால் வரைக்கும். திகாவுல கணுக்கால் வரைக்கும். கோவாவுல உங்க அலுவலகத்து ஆளுங்க இருந்தாங்கன்னு அதுவும் இல்ல. என் கணுக்கால் எல்லாக் கடலையும் பாத்தாச்சு. மிச்ச உடம்பு இன்னும் ஒண்ணையும் பாக்கல.”

பருப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்கவில்லை.

அக்டோபர் 11

பூஜை விடுமுறை முடிந்தது. விஜயதசமி வாழ்த்துச் சொல்ல வந்தவர்களெல்லாம் அட்டவணையைப் பார்த்து அசந்துபோனார்கள்.

பெருந்தன்மையோடு ஒரு திருத்தம் செய்தேன்: ‘நீச்சல் (கேதகி): நாற்பது நிமிடம்.’ காட்டினேன். “கழுத்து வரைக்கும் கணக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

டிசம்பர் 9

நாளை விமானம். குரங்குக் குல்லாக்கள் மூன்றைப் பெட்டியில் வைத்தேன். கேதகி மூன்றையும் எடுத்து வெளியே வைத்தாள். திரும்ப வைத்தேன். இப்போது பார்த்தால் அவை அலமாரியில் இருக்கின்றன.

டிசம்பர் 11, நீல் தீவு

போர்ட் பிளேரிலிருந்து கப்பல். அதைப் பற்றி எழுத மாட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த சிலிகுரிப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

தங்குமிடம் ஷெபாலி மண்டல் என்பவரின் வீடு. அவர் மாமனார் காலத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சாப்பாடு: சோறு, மசூர் பருப்பு, முட்டைக்கோஸ், கடுகு போட்ட மீன். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து பாக்பஜார் சாப்பாட்டையே சாப்பிட்டோம். டுட்டுல் கண்ணீர் மல்கி மூன்றாம் முறை சோறு கேட்டான். மீன் குளத்து மீன்.

டிசம்பர் 12

விடியற்காலையிலிருந்து காற்றும் மழையும். வங்கக் கடலில் தாழ்வு நிலையாம். படகுகள் ரத்து. இன்று ஹேவ்லாக்கில் இருந்திருக்க வேண்டும்.

டிசம்பர் 13

ரத்து. லாங் தீவைக் கழித்து அட்டவணையைச் சரிசெய்தேன்.

டிசம்பர் 14

ரத்து. டிக்லிபூரும் போனது. பாக்சிக்கு என்ன சொல்வேன்?

மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ஷெபாலி பக்கத்தில் வந்து நின்றார். “தாதா, கூடப்பிறந்த அண்ணனா நெனச்சுக் கேக்கறேன், நீங்க நல்லாத் திட்டம் போடுவீங்களாமே? நாங்களும் ஜனவரியில கல்கத்தா வர்றோம். மிருகக்காட்சிசாலை, விக்டோரியா, தக்ஷிணேஸ்வர், மெட்ரோ, அப்புறம் அந்த டிராம்... எல்லாம் ஒரே நாள்ல முடியணும். மறுநாள் திகா.”

“ஒரே நாள்ல எப்படிம்மா முடியும்?” என்றேன். “ஓடிக்கிட்டே இருந்தா ஒண்ணையும் பாக்க முடியாது. எங்கயாவது ஒரு இடத்துல நிதானமா உக்காந்து—”

உள்ளிருந்து ஒரு சத்தம். கேதகி சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, டுட்டுல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினான்.

இதில் என்ன சிரிப்பு? ...

சரி. சிரிப்புதான்.

டிசம்பர் 16

வெயில். கேதகி விடிந்ததுமே பரத்பூர் கரைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். பவளப் பாறைகளுக்கு உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்தது. நிறத்தைப் பற்றி பாக்சி சொன்னது உண்மை, வார்த்தை இல்லை. எரிச்சலாக வந்தது.

முழுக்கைச் சட்டையும் சல்வாரும் போட்டுக்கொண்டு நடந்தாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அப்புறம் படுத்துக்கொண்டாள். தண்ணீரின் மேல், மல்லாக்க. கையைக்கூட ஆட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை; கடிகாரம் அறையில்.

ஒரு தடவை, அவள் மூழ்கிவிட்டாள் என்று நினைத்து, “கேதகி!” என்று கத்திவிட்டேன். செருப்போடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன, படகு கிளம்பிடுச்சா?”

டிசம்பர் 17

படகு விட்டுவிட்டார்கள். ஹேவ்லாக்கையாவது மீட்கலாம். டுட்டுல் தயார்.

“நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்றாள் கேதகி. “நான் வரல.”

“ஹேவ்லாக்கைப் பார்க்காம ஊருக்குப் போய் என்ன சொல்றது?”

“பாக்கலன்னு சொல்றது.”

கோபம் வந்துவிட்டது. எனக்காகவா இத்தனை மாசம் கோடு போட்டேன்? ஆமாம், யாருக்காகப் போட்டேன்? கேட்டுக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவள் தடுக்கவில்லை, ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் கையில் கொடுத்தாள்.

அதே நாள், மாலை

திரும்பி வந்துவிட்டேன்.

போகும்போது இரண்டு தடவை வாந்தி. ராதாநகர் கடற்கரை. ஆசியாவிலேயே அழகான கரைகளில் ஒன்று என்கிறார்கள், இருக்கட்டும். வெள்ளை மணலில் நின்று நான் வலது பக்கம் திரும்பி, “பாரு—” என்றேன். அங்கே டுட்டுல் தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு, “டுட்டுல், நான் கிளம்பறேன்” என்றேன்.

“பைத்தியமா ஜாமாய்பாபு? மறுபடி அந்தப் படகுலயா? இன்னிக்கேவா? ராத்திரி நண்டு சொல்லியிருக்கேன்!”

“நீ சாப்பிடு.”

மேடையில் நின்றபோதே பையிலிருந்து எலுமிச்சையை எடுத்துக்கொண்டேன். படகு அசைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்த எலுமிச்சையைக் கடித்துத் தின்றேன், தோலோடு.

வந்து சேர்ந்தபோது கேதகி ஷெபாலியோடு வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஹேவ்லாக் எப்படி என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

“டுட்டுல் எங்க?”

“நண்டுகிட்ட.”

டிசம்பர் 19

டுட்டுல் வந்துவிட்டான். நண்டு ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 20

அட்டவணையைக் காணோம். விசாரித்தேன். ஷெபாலி அதில் மீன் செதிலைச் சுற்றிப் போட்டுவிட்டார். “தாதா, தப்பா எடுத்துக்காதீங்க, பெரிய தாளா இருந்திச்சு.”

டிசம்பர் 22

காதுக்குள் தண்ணீர் போய்விட்டது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்கிறாள் கேதகி. குதித்தேன். கரையில் இருந்த சிலிகுரிக்காரர்கள் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இன்றைக்கு நான் கால்களை உதைக்க வேண்டுமாம். தலையை உள்ளே வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். “வைப்பீங்க” என்கிறாள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். கடல் உள்வாங்கிவிட்டால் பாறை குத்தும், கூப்பிடுகிறாள்.