தேங்காய் எழுந்து நின்ற பக்கம்

என் அருமை மாமா,

போன இடத்திலும் நீங்கள் சும்மா இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். எந்த மூலையில் தண்ணீர் கிடைக்கும் என்று யாரையாவது பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். அட்லாண்டிக் நடுவில் கிடக்கிற அந்தத் திரிஸ்தான் தீவை வரைந்து முடித்துவிட்டேன்.

நீங்கள் கண்மூடியபின் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் படம் மேசையிலேயே கிடந்தது. கரையையும் மலையையும் மட்டும் வரைந்து வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நடுவில் எரிமலை, சுற்றிலும் கடல், மனுசர் குடியிருக்க ஓர் இடம் இல்லை. நான் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. இனி எந்தக் காலத்திலாவது தொடுவேனா என்றும் தெரியவில்லை. கோபம் வேறு. தண்ணீர் பாயிண்ட் வைக்காமல் எப்படி மாமா போனீர்கள்?

போர் போடும் ரிக் வண்டி வேலையை விட்டுவிட்டு எருமப்பட்டி வீட்டோடு வந்து உட்கார்ந்தீர்களே, நினைவிருக்கிறதா? “ரோடு இருக்கற ஊருக்கெல்லாம் போயி போர் போட்டாச்சு அம்மிணி. இனி ரோடே போகாத ஊருதான்” என்று அட்லஸைத் திறந்தீர்கள். எப்போதாவது ஒரு கப்பல் மட்டும் போகும் தீவுகளாகத் தேடி எடுத்தீர்கள். மேசையில் நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். கரையும் அலையும் உங்கள் வேலை. வீடு, மரம், ஆடு, பறவை எல்லாம் என் வேலை.

அதற்கு முன்னால் தேங்காய் வர வேண்டுமே! காட்டில் நீரோட்டம் பார்ப்பதுபோல, உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு சார்ட்டுக்கு மேலே கையை மெதுவாக நகர்த்துவீர்கள். அது எழுந்து நிற்கும் இடத்தில்தான் தண்ணீர் என்று ஒரு நீலப் புள்ளி. “தண்ணி இல்லாத எடத்துல சனம் எப்புடி அம்மிணி குடியிருக்கும்? மொதல்ல பாயிண்ட்டு, அப்பறந்தான் ஊடு.” நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் புள்ளியைச் சுற்றி ஊரை வரைவேன். நம் மகள் கயல் தலையில் அடித்துக்கொள்வாள்.

கயலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, மாமா. திங்கட்கிழமை கிளம்புகிறாள். அறைச் சுவரில் மாட்ட, அப்பா கடைசியாகத் தொட்ட படம்தான் வேண்டுமாம். “ஏனுங்கம்மா, ஊரு வடமேக்கு மூலைலன்னு போனே காட்டுது. அங்க நாலு ஊட்டப் போட்டு முடிங்க” என்றாள். சொல்வது சுலபம். உங்கள் புள்ளி இல்லாமல் என் கை ஓடுமா?

நானே ஒரு தேங்காயைக் கையில் வைத்துப் பார்த்தேன். அசைய வேண்டுமே! கல்லு மாதிரிக் கிடந்தது. “உனக்கும் அவருதான் வேணுமாக்கும்” என்று திட்டிவிட்டு, உடைத்துச் சட்னி அரைத்துவிட்டேன்.

அப்புறம் பழைய படங்களை எல்லாம் கூடத்தில் பரப்பி, எப்படித்தான் இடம் பார்த்தீர்கள் என்று தேடினேன். மலையடியா, ஓடைக்கரையா? ஒரு கணக்கும் பிடிபடவில்லை. ஆனால் எல்லாத் தீவிலும் நீலப் புள்ளி வலப்பக்கம். ஒன்றுகூட இடப்பக்கம் இல்லை. அட, அது நான் உட்காரும் பக்கம் அல்லவா? தோள்பட்டை வலியில் எனக்குக் கை எட்டாது என்று, ஊரையெல்லாம் என் பக்கமாகவே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். “அடப்பாவி மனுசா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கயல் ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு பேரும் அழுதோம், பிறகு சிரித்தோம்.

சரி, இந்த முறை புள்ளி உங்கள் பக்கம். உங்கள் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டி, இடது மேல் மூலையில் வைத்தேன். சுற்றிலும் வீடுகள், உருளைக்கிழங்குக் காடு, நாலு மாடு, கரையில் ஒரு படகு. கயல் போனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நம்ம படத்துல ஊரு சரியான எடத்துல இருக்கறது இது ஒண்ணுலதானுங்கம்மா” என்றாள்.

அட்லஸில் இன்னும் நிறையத் தீவு மிச்சம் இருக்கிறது. புது சார்ட் வாங்கி வைத்துவிட்டேன். கரையும் இனி நானே வரைய வேண்டும். உங்கள் அலை மாதிரி வராதுதான், சிரிக்காதீர்கள். ஆனால் எந்தத் தீவானாலும் தண்ணீர் உங்கள் பக்கம்தான் மாமா. தோள் வலித்தால் வலிக்கட்டும்.

வலப்பக்க நாற்காலியிலிருந்து,
உங்கள் மாமன் மகள்,
சரசு