தவளையின் மூக்கு

மே 11
இன்று தாடி மழித்தேன். எழுத வேறு விஷயம் இல்லை. எழுத முடிகிறது என்பதால் எழுதுகிறேன்.

மே 14
மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிந்து திரும்பும்போது வண்டி சேற்றில் நின்றுவிட்டது. நாலு சக்கர பைக். நான் வைத்த பெயர் தவளை. முன் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் ரேடியேட்டரில் சேறு அப்பி, காற்றுப் போக வழியில்லாமல் எஞ்சின் கொதித்து அணைந்தது. டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். வழியெல்லாம் சிரித்தார்.

மகள் வாசலில் நின்றிருந்தாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வித்துடுவேன்ப்பா. எழுபத்தோரு வயசுல சேத்துல என்ன வேலை?"

என்ன வேலையா? எழுத்து வகுப்பு சேற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சுற்றிப் போனால் இரண்டு பஸ். மகள் தையல் ஆலைக்கு அப்படித்தான் போகிறாள். என் முழங்கால் பஸ் படி ஏறாது. மழை மூன்று மாதம். மூன்று மாதம் போகாவிட்டால், இந்த வயதில் பிடித்த எழுத்தெல்லாம் கையை விட்டுப் போய்விடும். விட மாட்டேன்.

மே 16
மெக்கானிக்கிடம் போனேன். ரேடியேட்டரைக் கழற்றி, முன் கேரியர் மேல் நிறுத்திவிட்டால் சேறு எட்டாது என்றார். "ஆனா நான் கை வைக்க மாட்டேன் பெரியவரே. உங்க பொண்ணு போன் பண்ணிட்டாங்க."

யாரோ வரவழைத்துவிட்டு எடுத்துப் போகாத பெட்டி ஒன்று கடை மூலையில் கிடந்தது. அதில் தாங்கு சட்டம், நீளமான ரப்பர் குழாய்கள், கிளாம்ப்புகள், எப்படி மாட்டுவது என்று அச்சடித்த ஒரு தாள். பெட்டியைக் கொடுத்துவிட்டு யார் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். முதுகு குலுங்கியது.

சிரிக்கட்டும். தவளைக்கு மூக்கு எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே. உடம்பெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் மூக்கு வெளியே. வண்டி செய்தவர்கள் தவளையைப் பார்த்ததில்லை போலும்.

மே 17
தாளை ஷெட் சுவரில் ஒட்டினேன். நாற்பத்திரண்டு வருடம் போஸ்டர் ஒட்டிய கை. படத்தில் தலை எந்தப் பக்கம் என்று பார்த்து ஒட்டுவேன். வெறும் எழுத்து மட்டும் இருந்த போஸ்டரைத் தெரு முழுக்கத் தலைகீழாக ஒட்டிவிட்டு வந்ததும் உண்டு. நான் ஒட்டியதை நானே படிப்பது இதுதான் முதல் தடவை. அதனால் பசை காய்ச்சி, நடுவிலிருந்து ஓரத்துக்கு பிரஷ் போட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன்.

மொத்தம் எட்டுக் குறிப்புகள். முதல் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீ இவ்வளவு ருசியாக இருந்ததே இல்லை.

மே 18
மூன்று குறிப்புகள் முடிந்தன. விரலில் ரத்தம். பரவாயில்லை.

மே 20
எட்டும் முடிந்தது. இத்தனை வருடம் பசை வாளி உட்கார்ந்திருந்த கேரியரில் இப்போது ரேடியேட்டர் நிற்கிறது. கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன், குழாய் இழுபடவில்லை. ஃபேன் ஒயரை நீட்டினேன். கூலன்ட் ஊற்றினேன்.

மருமகன் வந்து பார்த்தார். "டிவிக்குப் பின்னால உக்காந்து ஓட்டப் போறீங்களா மாமா?" என்றார். நல்ல படம் ஓடும், வந்து பாருங்கள் மாப்பிள்ளை என்றேன்.

மே 21
கொதித்துவிட்டது. சேற்றில்கூட இல்லை, முற்றத்தில். பத்தே நிமிடம்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "படிக்கத் தெரியும்னு காட்டுறதுக்கு வண்டியக் கெடுத்துட்டீங்க. ஞாயித்துக்கிழமை ஆள் வரச் சொல்றேன்."

எட்டும் செஞ்சேனே. ஒண்ணு விடலையே. அப்புறம் ஏன் கொதிக்குது? தாள் பொய் சொல்லுதா — இல்ல எனக்குத்தான் படிக்கத் தெரியலையா?

மே 22
காலையில் தாளைத் திட்டுவதற்காக அதன் முன்னால் போய் நின்றேன். திட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து மறுபடி படித்தேன். எட்டு முடிந்தது. அதற்கும் கீழே, அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி. போஸ்டரில் அந்த இடத்தில் அச்சகத்தின் பெயர்தான் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அச்சகத்தையும் சேர்த்துத் திட்டலாம் என்று படித்தேன்.

"மீதி மறுபக்கம்."

மறுபக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஷெட்டில் தனியாக நின்று சிரித்தேன். நாற்பத்திரண்டு வருடத்தில் எந்தப் போஸ்டருக்கும் முதுகில் எழுத்து இருந்ததில்லை. முதுகு பசைக்கு. அதுவும் என் பசை, லேசில் விடாது. ஈரச் சாக்கை மேலே சாத்தி அரை நாள் காத்திருந்தேன். பிறகு மேல் மூலையிலிருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தேன். ஓரிடத்தில் கிழிந்தது. எழுத்தில்லாத இடம்.

ஒன்பதாவது குறிப்பு இதுதான்: புதிய குழாய்களில் காற்று அடைத்திருக்கும். முன் சக்கரங்களை மேட்டில் ஏற்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திற. பிறகு ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்று.

எனக்குப் படிக்கத் தெரிகிறது. பாதித் தாள்தான் படித்திருந்தேன்.

மே 23
மேட்டில் ஏற்றி, குறிப்பில் உள்ளபடியே செய்தேன். குளுக், குளுக் என்று ரொம்ப நேரம். பிறகு நின்றது. ஃபேன் தானாகச் சுற்றியது, தானாக ஓய்ந்தது. முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். கொதிக்கவில்லை.

மே 25, ஞாயிறு
வாங்க ஒருவர் வந்தார். பூட்ஸ் போட்டிருந்தார். மகள் சாவி கேட்டாள். கொடுக்கவில்லை. அவர்கள் கண் முன்னால் சேற்றில் இறக்கினேன். அக்கரை போய்த் திரும்பினேன். மூச்சு விடாமல் மறுபடி போய் வந்தேன். சட்டை, மீசை, பல் எல்லாம் சேறு. ரேடியேட்டர் மட்டும் குளித்து வந்ததுபோல் இருந்தது.

வந்தவர், இப்போதுதான் வண்டி ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். விற்க வேண்டியவன் நான், எனக்கும் இப்போதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றேன். மகள் அவரிடம், மழை முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். என் மேல் துண்டை எறிந்தாள்.

மே 28
வகுப்புக்குப் போனேன்.

ஜூன் 4
போனேன்.

ஜூன் 9
மெக்கானிக் தெருவில் நிறுத்தி, குனிந்து, ஒவ்வொரு கிளாம்ப்பாகத் திருகிப் பார்த்தார். ஒன்றும் இளகவில்லை. தாள் இருக்கிறதா, தர முடியுமா என்று கேட்டார். மறுபக்கமும் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஜூன் 19
நேற்றிலிருந்து பஸ் ஓடவில்லை. ரோட்டின் மேல் தண்ணீர். காலையில் தவளையை வெளியே எடுத்தபோது மகள் ஆலைக்குக் கிளம்பி நின்றாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"ஒண்ணும் சொல்லக் கூடாது" என்றாள்.

அக்கரை வரை நான் வாயே திறக்கவில்லை. இங்கே எழுதிக்கொண்டேன்.