சரிபார்க்கப்பட்ட விருந்தினர்

அன்பு மகள் சில்வண்டுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்தப் பின்பாதியை எழுதக் கை வரவில்லை, ஏன் என்பது கீழே போகப் போக உனக்கே புரியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, மீட்டிங் ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்து வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஓர் இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடு.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. முன்னறைத் தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை முடிந்து இப்போது பேண்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் போகிறது. சமையலறைக் குழாயை உன் அப்பா மூன்று தடவை சரிசெய்தார், நாலாம் தடவை பிளம்பர் வந்து அவர் செய்ததையெல்லாம் முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் குழாயைச் சரிசெய்தார். மாடி வீட்டு நர்ஸ் நலம், உன்னை விசாரித்தாள். இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆனதற்காக "ரெண்டு பேரும் எங்கேயாவது கடலோரமா போயிட்டு வாங்க, செலவு என்னோடது" என்று சொல்லி நீ மூன்று இணையதளங்களை எழுதி அனுப்பினாய் அல்லவா, ஒன்றில் பயணத்தைத் திட்டம் போடலாம், ஒன்றில் டிக்கெட், ஒன்றில் தங்கும் அறை என்று. பத்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பாய். அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிட்டாய். முப்பத்தொரு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்த மனுஷர், ஓய்வு பெற்று ஆறு வருஷமாகச் சோதிக்க எதுவும் கிடைக்காமல் என்னைச் சோதித்துக்கொண்டிருந்தவர், அவர் கையில் இணையத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

மூன்று தளம் ஒரு வாரத்தில் பதினொன்று ஆனது. ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கினார். ஒரு கடலோர விடுதியில் 'இரண்டே அறைகள் மீதம், உடனே முந்துங்கள்' என்று சிவப்பு எழுத்தில் துடித்துக்கொண்டிருந்தது, அதை இருபத்து மூன்று நாள் தினமும் திறந்து பார்த்து, இருபத்து மூன்று நாளும் அதே இரண்டு அறைகள் மீதம் இருந்ததைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றில் 'இந்த அறையை இப்போது ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்தது. அந்த ஆறு பேரில் அவர் போன், என் போன், நூலகத்துக் கணினி, மாடி நர்ஸின் போன் என்று நாலு பேர் இவரேதான் என்று கண்டுபிடித்துவிட்டு, மீதி ரெண்டு பேர் யார் என்று ஒரு நாள் முழுக்கக் கவலையாக இருந்தார். பதினொரு தளத்தில் ஐந்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரே கம்பெனியின் பெயர் இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வந்து என்னிடம், "ஒரே கடைக்காரன் அஞ்சு தராசு வச்சிருக்கான், நாம அஞ்சு கடை ஏறி விலை கேட்டோம்னு நெனச்சுக்கறோம்" என்றார், எனக்குத் தெரிந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. விமானத்தில் ஒரு இருக்கைக்கும் அடுத்ததுக்கும் இருபத்தொன்பது அங்குலம் என்று போட்டிருந்ததைச் சரிபார்க்க என் இஞ்சு டேப்பை எடுத்துக் கடையில் இரண்டு நாற்காலியை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, முன்னால் என்னை உட்கார வைத்துப் பின்னால் அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டிருந்தபோது, பேண்ட் கொடுக்க வந்த வங்கி கேஷியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எந்த ஸ்டாப்ல இறங்கணும்?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று, உன் அப்பா நிதானமாக "அரை அங்குலம் குறையுது" என்றார். இப்படி ஐந்து வாரம் போயிற்று, நோட்டு பாதி நிரம்பியது, ஒரு டிக்கெட்டும் எடுத்தபாடில்லை, கடல் அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது.

பிறகு ஒருநாள் உன் ஊர் விடுதிகளைத் தேட ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, விலை பார்க்கறேன்" என்றார். எங்கள் இருவருக்கும் அது சும்மா இல்லை என்று தெரியும். நாங்கள் அங்கே வருகிறோம் என்று சொல்லும்போதெல்லாம் உன் வீட்டில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், அது காய்வதற்குள் ஆபீஸ் தோழி வந்து தங்குவாள், அவள் போவதற்குள் குளிர் வந்துவிடும், "அடுத்த வருஷம் வாங்கம்மா, நிதானமா இருக்கலாம்" என்பாய். உனக்குத் தொந்தரவு இல்லாமல் பக்கத்தில் ஒரு விடுதியில் இருந்துகொண்டு சாயங்காலம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்பது அவர் எண்ணம், அதை என்னிடமே அவர் சொல்லவில்லை. உன் விலாசத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரிக்கு எதிரே, ஒரு சின்ன விடுதி அகப்பட்டது. மத்தியானம் நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன், அவர் எதிரில் உட்கார்ந்து அங்கே தங்கியவர்கள் எழுதியிருந்த கருத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். "எதை நம்பாட்டியும் பரவாயில்லை, தங்கினவங்க எழுதறதைப் படிங்க, அதுலதான் உண்மை இருக்கும்" என்று நீதானே அவருக்குச் சொல்லியிருந்தாய். அந்தத் தளம் எல்லா மொழியையும் தானே தமிழாக்கிக் கொடுக்கிறது, அது என்ன தமிழோ, படித்தால் பல் கூசுகிறது. ஒருவர் 'காலை உணவு என்னைக் காயப்படுத்தியது' என்று எழுதியிருந்தார், இருவரும் சிரித்தோம். அடுத்ததற்கு எழுதியவர் பெயர் இல்லை, 'சரிபார்க்கப்பட்ட விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. "யாரு சரிபார்த்தது, எந்த முத்திரை வச்சு?" என்று முணுமுணுத்துவிட்டுப் படித்தார். இன்றைக்கு அது எனக்கு மனப்பாடம்: 'நான் என் தையல்களுடன் இங்கே ஒன்பது நாட்கள் வாழ்ந்தேன். தூக்கி பாதியில் நிற்கிறது. பதினொரு படிகள் உள்ளன. நான் அவற்றை உட்கார்ந்து இறங்கினேன், ஒவ்வொன்றாக. மேசைப் பெண்மணி என் பையுடன் பின்னால் வந்தார், எனக்கு ஏன் யாரும் வரவில்லை என்று அவர் ஒருபோதும் கேட்கவில்லை. சூடான நீர் நன்று. நான்கு நட்சத்திரங்கள்.'

உன் அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உன் தொழில்காரி ஒருத்தி எழுதியிருக்கா பாரு, தைச்ச துணியெல்லாம் தூக்கிட்டுப் போய் லாட்ஜ்ல தங்கியிருக்கா, பாவம், லிஃப்ட் வேலை செய்யலை" என்றார். நானும் சிரித்தபடி, படம் ஏதாவது போட்டிருக்கிறாளா, என்னதான் தைத்திருக்கிறாள் என்று பார்ப்போம் என்று மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். படிக்கட்டைக் காட்டத்தான் அந்தப் படம். ஆனால் கைப்பிடிக் கம்பியில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது, அதன் பை வெளியே புரண்டு கிடந்தது, பைக்குள்ளே நீலக் கட்டம் போட்ட துணி. விரலை விட்டு விட்டுப் பையைக் கிழித்துக்கொண்டு வந்தாயே, நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், உன் பள்ளிச் சீருடையில் மிஞ்சியிருந்த துணியை வெட்டி நான் உள்ளே வைத்துத் தைத்தேன். அந்த மாதிரி ஸ்வெட்டர் உலகத்தில் ஆயிரம் இருக்கும், அந்தப் பை ஒன்றுதான். விரலை அந்த இடத்தில் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்ததும் மாடி ஏறிப் போய்ப் போனைக் கொடுத்தோம், அவள் தமிழை மாற்றி அசல் இங்கிலீஷில் படித்துவிட்டு, "அக்கா, இது துணித் தையல் இல்லை, ஆபரேஷன் தையல், படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினதைப் பார்த்தா வயித்துல போட்டதுதான்" என்றாள். பயப்பட ஒன்றுமில்லை, முக்கால்வாசி சின்ன ஆபரேஷனாகத்தான் இருக்கும் என்றும் சொன்னாள். இதை அவள் பலருக்குச் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்பது அவள் சொன்ன வேகத்திலேயே தெரிந்தது.

லிஃப்டே இல்லாத உன் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏற முடியாமல்தான் இரண்டு தெரு தள்ளி அங்கே கிடந்திருக்கிறாய் என்று புரிந்தது. தேதியைப் பார்த்தேன், பிப்ரவரி. "கேமரா உடைஞ்சு போச்சும்மா, ரெண்டு வாரம் வாய்ப்பேச்சுதான்" என்று நீ சொன்ன பிப்ரவரி. அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் நான் இந்தக் குழாய் ஒழுகும் கதையை உன்னிடம் முக்கால் மணி நேரம் சொன்னேன், நீ ஒரு தடவைகூட மீட்டிங் என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். பெண்ணுக்கு வயசாக ஆக என்ன பொறுமை வந்துவிட்டது என்று போனை வைத்ததும் உன் அப்பாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெந்நீர் வருமா வராதா என்று தெரிந்துகொள்ள வந்த ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நீ எத்தனை படி என்பதுவரை எண்ணிச் சொல்லியிருக்கிறாய். அதன் கீழே 'நாற்பத்தொரு பேருக்கு இது பயனுள்ளதாக இருந்தது' என்று போட்டிருக்கிறது. எனக்கும் பயனுள்ளதாகத்தான் இருந்திருக்கும், நான்கு மாதத்துக்கு முன்னால். உன் அப்பா அந்தப் பொத்தானை அழுத்தி நாற்பத்திரண்டு ஆக்கினார், அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளும்போது எனக்கே சிரிப்பு வந்தது. போன நவம்பரில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று, நர்ஸ்தான் கூட்டிக்கொண்டு போய் வந்தாள், உன்னிடம் சளி என்று சொல்லிவிட்டேன். நீ அங்கே தனியாக இருந்துகொண்டு எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று நாங்கள் இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு அது. ஆக இந்த வித்தையை நீ எங்கேயோ வெளியில் போய்க் கற்றுக்கொண்டாய் என்று நான் சொல்ல முடியாது. இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, இல்லாவிட்டால் அந்தப் பையின் கட்டத்தை அவ்வளவு சின்னப் படத்தில் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானமே உன் அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். ஐந்து வாரம் நோட்டுப் போட்டவர் பதினொரு நிமிஷத்தில், ஒரு கருத்தையும் படிக்காமல், எந்தத் தளம் முதலில் திறந்ததோ அதிலேயே எடுத்துவிட்டார், அந்தத் தளத்துக்கு அவர் நோட்டில் கடைசி இடம். அவசரத்தில் என்னைத் 'திரு' என்று போட்டுவிட்டார், பிறகு அடையாள அட்டையை அனுப்பி அவர்களோடு மன்றாடி என்னைப் பெண்ணாக மாற்ற மூன்று நாள் ஆயிற்று. தங்குவது அதே விடுதியில்தான், உன் வீட்டுச் சுவருக்கு நிம்மதியாகப் பெயிண்ட் அடிக்கட்டும். லிஃப்ட் என்னவாயிற்று என்று கேட்டு எழுதினார், ஒரு விருந்தினர் புகாருக்குப் பிறகு சரிசெய்துவிட்டோம், நன்றி என்று பதில் வந்தது. விடுதி வரவேற்பில் இருக்கும் அந்த மேசைப் பெண்மணிக்குக் கொடுக்க ஒரு கைப்பை தைத்து வைத்திருக்கிறேன், அவளிடம் பேச எனக்கு மொழி தெரியாது, அவளும் எதுவும் கேட்கிறவள் இல்லையே, அதனால் ஒத்துப்போகும்.

உன் வயிற்றில் எதை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்று வந்த அன்றே கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் உன் துணிகளை மடித்து வைப்பேன், கிழிந்ததைத் தைப்பேன், உன் அப்பா உன் சமையலறைத் தராசைச் சரிபார்ப்பார். அதுவரை கனமான எதையும் தூக்காதே, துணி காயப்போடக் கையை மேலே நீட்டி எக்காதே, வேளைக்குச் சாப்பிடு. மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, நர்ஸ் பார்க்க வேண்டும் என்கிறாள். விமானம் பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்கு இறங்கும், அங்கிருந்து ரயிலில் நாங்களே வந்துவிடுவோம், அழைக்க வருகிறேன் என்று அலையாதே. நோய் நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், எங்களைவிட ரொம்ப வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் கிடையாது. கடைசியாக ஒரு ஞாபகம். டிக்கெட்டில் இரண்டு வகை இருந்தது, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுக்கக்கூடியது ஒன்று, எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யவே முடியாதது ஒன்று. உன்னை நன்றாகத் தெரிந்ததால் இரண்டாவதைத்தான் எடுத்தோம்.

பதினெட்டாம் தேதி உன் வாசலில் வந்து நிற்கப்போகிற,
உன் அம்மா