ஐந்து முறைப் பால்

தோவான் பள்ளத்தாக்கு,
பிள்ளை பெற்ற இருபத்தாறாம் நாள்.

ஜித்தாவில் இருக்கும் என் அன்புள்ள கணவர் கராமா அவர்களுக்கு, மனைவி முஸ்னா எழுதிக்கொள்வது. உங்கள் மேல் ஸலாம். நானும் நம் மகள் ஹயாத்தும் சுகம். சுகம் என்று எழுதாவிட்டால் கடிதம் ஆகாது என்பதால் எழுதினேன். மீதியைக் கீழே படித்துக்கொள்ளுங்கள்.

ஹயாத் நன்றாக வளர்கிறாள். மூக்கு உங்களுடையது, கோபம் என்னுடையது. என் சர்க்கரை நோய்க்கு நீங்கள் அனுப்பிய ஊசி மருந்தும், சிறுநீரில் நனைத்துச் சர்க்கரை பார்க்கும் தாள்களும் வந்து சேர்ந்தன. மருந்துக் குப்பியை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானையின் அடியில் வைத்திருக்கிறேன்.

நாற்பது நாளும் மேல்மாடி அறையை விட்டு இறங்கக் கூடாது. அது எப்படி இருக்கும் என்று ஆண்பிள்ளை உங்களுக்குத் தெரியாது. விடிந்ததும் தேனும் நெய்யும் குளமாக ஊற்றிய களி. கொஞ்ச நேரத்தில் பேரீச்சம்பழம். சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் ஊர்ப் பெண்கள் வருவார்கள், அவர்களோடு ஒரே தட்டில் மறுபடியும் களி. நான் கையை எடுத்தால் எல்லார் கண்ணும் என் கைமேல்தான். இனிப்பு போதும் என்றால் உங்கள் உம்மா, "தேன் சீனி இல்ல புள்ளே, மருந்து. மருந்தத் தின்னு யாராச்சும் நோயில விழுந்திருக்காங்களா?" என்பார். அது உங்கள் மாமா வளர்க்கும் தேனீயின் தேன். வேண்டாம் என்றால் குடும்பத்தையே வேண்டாம் என்ற மாதிரி. சாப்பிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டது என்று தாள் ஒவ்வொரு நாளும் பழுப்பாக மாறியது. அது மருந்து என்று தாளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பிள்ளை பெறுமுன் முகல்லா நகரத்து டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். என் பாலால் பிள்ளைக்கு நோய் வராது. பால் கொடுக்கக் கொடுக்க எனக்குச் சர்க்கரை இறங்கும், அதனால் வெறும் வயிற்றோடு மட்டும் கொடுக்கக் கூடாது. முன்னால் ஒரு துண்டு பார்லி ரொட்டி, ஒரு முட்டை, இல்லையென்றால் கொஞ்சம் மீன். தேனும் களியும் கூடாது. ஊசியின் அளவையும் குறைத்தார். சின்ன விஷயம். ஆனால் எனக்கு எப்போது பசிக்க வேண்டும் என்பதைக்கூட இந்த வீட்டில் நான் முடிவு செய்வதில்லை.

நோயை உம்மாவிடம் சொல்லாதே என்று நீங்கள் எழுதியதால் அது சத்து ஊசி என்றே சொல்லி வந்தேன். பன்னிரண்டாம் நாள் சுகாதார நிலைய நர்ஸ் வந்து, அத்தனை பெண்கள் நடுவில், சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். பெண்கள் போனதும் உம்மா என் மடியிலிருந்து ஹயாத்தை எடுத்தார். "சக்கரைக்காரி பாலக் குடிச்சா புள்ளைக்கும் அதான் வரும். கீழ ரபீஆவுக்குப் பால் பொங்கிக் கிடக்கு. அவ குடுக்கட்டும்" என்று சொல்லிப் படியிறங்கினார். உங்கள் தங்கை ரபீஆ, நாலு மாத மகன் ஸால்மீனோடு இங்கேதான் இருக்கிறாள்.

எழுந்து பின்னால் போக எனக்குத் தெம்பில்லை. பால் கட்டி மார்பு வலித்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "குடுக்கட்டும் மாமி. வயிறு நெறைய அஞ்சு தடவ குடிச்சிட்டா இவ ஸால்மீனுக்குப் பால்குடித் தங்கச்சி, நம்ம மார்க்கத்துல கட்டிக்க முடியாது. அவனுக்கு வேற வீட்டுல பொண்ணு தேடிக்குங்க" என்றேன். அவர் படியிலேயே நின்றுவிட்டார். நமக்குப் பெண் பிறந்தால் ஸால்மீனுக்குத்தான் என்று அவன் பிறந்த அன்றிலிருந்து சொல்லி வருபவர் அல்லவா? திரும்பி வந்து பிள்ளையை மடியில் போட்டார்.

தவளை தன் வாயால் கெட்ட கதைதான். மறுநாள் வந்த பெண்கள் முன்னால் ஹயாத் காலில் வெள்ளித் தண்டை பூட்டி, "இவ எங்க ஸால்மீனுக்கு. பெத்தவளே வாயால சொல்லிட்டா" என்றார். எல்லாரும் குலவையிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? நான் மறுத்தால் என் பாலுக்குப் பதில் கொடுக்க ஒரு டப்பா பால்மாவு வாங்கி, திறக்காமல், என் கண்ணுக்குப் படும்படி மாடத்தில் வைத்திருக்கிறார்.

என் அக்கா மஸ்யூனாவை உங்களுக்குத் தெரியும். தொட்டிலில் பேசிய பேச்சுக்காகப் பத்தொன்பது வருடம் காத்திருந்தாள். பேசி வைத்த மாப்பிள்ளை மொம்பாஸாவில் கல்யாணம் முடித்து மூன்று பிள்ளை பெற்ற செய்தி கடிதத்தில் வந்தது. அதன் பிறகு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. என் மகளை அந்த இடத்தில் உட்கார வைக்க மாட்டேன்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் மோசம். முன்பு தேனில் முக்கினார், இப்போது வெறும் வெந்தயத் தண்ணீர் தந்து வயிற்றைக் காயப்போடுகிறார். கசப்புதான் சர்க்கரையை முறிக்குமாம். ரொட்டி கேட்டால் "நாக்கக் கட்டு" என்கிறார். நாக்கைக் கட்டினால் பால் எங்கிருந்து வரும்? ரபீஆ சட்டைக் கைக்குள் ஒளித்து முட்டை கொண்டுவருகிறாள். வராத நாளில் வெறும் வயிற்றோடு கொடுக்கிறேன். அப்படி ஒரு நாள் பாதிப் பாலில் வியர்த்து, கை நடுங்கி, பிள்ளை நழுவப் பார்த்தாள். ரபீஆ ஓடிவந்து என் வாயில் பேரீச்சம்பழத்தைத் திணித்தாள். அழுத பிள்ளையைத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். ஹயாத் வயிறு நிறையத்தான் குடித்தாள். நாலு நாள் கழித்து இன்னொரு முறை அப்படியே நடந்தது.

நேற்று மூன்றாவது முறை. நேற்று எனக்குக் கை நடுங்கவில்லை. நான் சாப்பிட்டிருந்தேன், பாலும் இருந்தது. நானே ரபீஆவைக் கூப்பிட்டு ஹயாத்தை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். கொடுத்து முடித்துவிட்டு, "மூணாச்சு மதினி. எம் மவனுக்கு உலகத்துல பொண்ணா இல்ல? ஆனா அண்ணன ஒரு வார்த்த கேட்டுக்க. உம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன வீட்டுல வைக்காது" என்றாள்.

கேட்கிறேன். இதைக் கொண்டுவரும் ஃபரஜின் பையில் உம்மாவின் கடிதமும் இருக்கும், பள்ளி ஆசிரியரிடம் சொல்லி எழுதியது. உங்கள் சம்மதம் கேட்டிருப்பார். மருமகள் சொல்லுக்கு அவர் மசிய மாட்டார், மகன் சொல்லுக்கு மசிவார். ஹயாத் யாருக்கும் பேசப்படவில்லை, முஸ்னா கேட்பதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று இரண்டே வரி எழுதுங்கள். ஃபரஜ் முப்பத்தெட்டாம் நாள் திரும்புவார். அவர் கையில் அந்த வரிகள் இல்லையென்றால் ரபீஆவை இன்னும் இரண்டு முறை கூப்பிடுவேன். அதன் பிறகு என்னை எந்த வீட்டில் வந்து பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், பெற்ற தாயிடம் ஒரே ஒரு முறை 'இல்லை' என்று சொல்லும் தைரியத்தையும் தரட்டும்.

உங்கள் மனைவி,
ஹயாத்தின் தாய் முஸ்னா